அட்டையை விடுங்கள், முதலில் தாளை மடியுங்கள்

சஞ்சிகை ஒன்று தொடங்கப் போகிறோம் என்று வருகிறவர்கள் அநேகமாகக் கையில் அட்டையுடன்தான் வருவார்கள். போன மாதமும் இரண்டு பேர் வந்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க்கடை. பிளேன்டீ ஆறிக்கொண்டிருக்க, தொலைபேசியை என் பக்கம் திருப்பி அட்டையைக் காட்டினார்கள். கடல், சூரியன், ஒரு பெண்ணின் நிழல், மேலே பொன்னிறத்தில் சஞ்சிகையின் பெயர். நன்றாகத்தான் இருந்தது. "எத்தனை பக்கம்?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன அளவு?" அதற்கும் பதில் இல்லை.

அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொழும்பில் இருந்துகொண்டு 300, 500 பிரதி அச்சடிக்க நினைக்கும் புதியவர்களுக்கு இது. அட்டை கடைசி வேலை. வாசகர் அதை ஒருமுறை பார்ப்பார், வாங்குவார் அல்லது வைத்துவிடுவார். வாங்கிய பிறகு அவர் கண் நாள்கணக்கில் பழகப்போவது உள்பக்கத்து வரிகளோடு. அந்த வரி எப்படி நிற்கிறது என்பதைத் தீர்மானிப்பவை தாளும் மடிப்பும் எழுத்துருவும். ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

டம்மி

எட்டு ஏ4 தாள்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடியுங்கள். 32 பக்கக் குட்டிப் புத்தகம் ஒன்று கிடைக்கும். பென்சிலால் 1 முதல் 32 வரை பக்க எண் போடுங்கள். இதுதான் டம்மி. இப்போது தாள்களைப் பிரித்துப் பாருங்கள். 1க்குப் பக்கத்தில் 32 இருக்கும், 2க்குப் பக்கத்தில் 31. எந்தத் தாளை எடுத்தாலும் அருகருகே கிடக்கும் இரண்டு எண்களையும் கூட்டினால் 33 வரும். அடுத்தடுத்த எண்கள் ஒரே தாளின் ஒரே முகத்தில் சேர்ந்திருப்பது நடுத்தாளில் மட்டும்தான்: 16உம் 17உம். ஒரு பெரிய படத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட ஆசையென்றால் இடம் அதுதான். வேறெங்காவது போட்டால் பாதிப் படம் ஒரு தாளிலும் மறுபாதி இன்னொரு தாளிலும் அச்சாகும். சேருமிடத்தில் மூக்கு ஒரு மில்லிமீற்றர் ஏறியோ இறங்கியோ நிற்கும்.

என் முதல் இதழுக்கு நான் டம்மி செய்யவில்லை. கணினியில் 34 பக்கம் வந்தது. சந்தோஷமாக அச்சகத்துக்குக் கொண்டுபோனேன். மெசினுக்குப் பக்கத்தில் நின்ற பெரியவர் பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, முப்பத்திநாலு எண்டு ஒரு புத்தகம் இல்லை. முப்பத்திரண்டு, இல்லாட்டி முப்பத்தாறு." மடித்துப் பின் அடிக்கும் புத்தகத்தில் ஒரு தாள் என்றால் நாலு பக்கம். மொத்தம் நாலால் பிரிய வேண்டும். அன்றிரவே இரண்டு கவிதைகளை வெளியே எடுத்தேன். அவற்றை எழுதியவர்களுக்கு விளக்கம் சொன்னதுதான் அந்த இதழில் நான் பட்ட பெரிய பாடு.

அச்சகத்தின் கணக்கு இதற்கும் ஒரு படி மேலே. அங்கே பக்கம் பக்கமாக அடிப்பதில்லை. பெரிய தாளில் எட்டு, பதினாறு பக்கமாகச் சேர்த்து அடித்து, மடித்து, வெட்டுகிறார்கள். அதனால் 36 பக்கத்துக்கும் 40 பக்கத்துக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றாகவே வரலாம். 32இலிருந்து 36க்குப் போவது எதிர்பாராத அளவு கையைக் கடிக்கலாம். ஆக, பக்க எண்ணிக்கையை முடிவு செய்வதற்கு முன்பே அச்சகத்தில் கேட்டுவிடுங்கள்.

வர்ணத்தையும் டம்மியில்தான் தீர்மானிக்க வேண்டும். பிளேட் எனும் தகடு செய்து அடிக்கும் ஓப்செட் அச்சில் கறுப்பு மட்டுமென்றால் ஒரு பிளேட் போதும், முழு வர்ணமென்றால் நாலு பிளேட். நாலு வர்ணப் பக்கம் வேண்டுமென்றால் 5, 11, 20, 27 என்று சிதறவிடாமல் ஒரே தாளில் விழும்படி 15, 16, 17, 18 என எடுத்துக்கொண்டால் செலவு அடங்கும். டிஜிட்டல் அச்சில் பிளேட்டே இல்லை. பிரதி குறைவாக இருந்தால் அதுவே இலாபம். கூடக் கூட ஓப்செட் மலிவாகிக்கொண்டு போகும். இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

அளவு

புதியவர்கள் கைவைப்பது ஏ4, அதாவது 210க்கு 297 மில்லிமீற்றர். கணினியைத் திறந்தவுடன் அதுதான் எதிரே நிற்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை. சிறுகதையும் கவிதையும் கட்டுரையும் போடும் இதழுக்கு அது பெரிது. பக்கத்தை நிரப்பப் படம் தேடவேண்டி வரும், தபாலில் போட்டால் மடங்கும். 100ஆம் இலக்க பஸ்ஸில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் விரித்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

ஏ5 (148க்கு 210) ஏ4இன் பாதி. கைக்கு அடங்கும், ஒற்றைப் பத்தியில், அதாவது ஒரே நெடுவரிசையில், வாசிக்க நன்றாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் பழைய கிரவுண் அளவு இருக்கிறது. 20க்கு 30 அங்குல டபுள் கிரவுண் தாளை எட்டாக மடித்தால் 7½க்கு 10 அங்குலம். ஓரம் வெட்டியபின் கொஞ்சம் குறையும். தாளின் இரு முகத்திலுமாகப் பதினாறு பக்கம், வீணாகும் காகிதம் மிகக் குறைவு. இரண்டு பத்தி போடுவதற்கும் அகலம் போதும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் உங்கள் அச்சகத்தில் எந்தத் தாள் ஓடுகிறது என்பதைக் கேட்காமல் என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

காகிதத்தைத் தொட்டுப் பார்த்து வாங்குங்கள். புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் காகிதம் விற்கும் கடைகளில் ஒரு தாளைக் கேட்டு வாங்கி, மறுபக்கத்து எழுத்து எவ்வளவு தெரிகிறது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்பக்கத்துக்கு 70 அல்லது 80 கிராம் (சதுர மீற்றருக்கு) வெள்ளைத் தாள், அட்டைக்கு 250 கிராம் ஆட் போர்ட் எனும் பளபளப்பான தடித்த தாள். சாதாரண இதழுக்கு இது தாராளம். உள்ளே முழுக்கப் பளபளக்கும் ஆட் பேப்பர் போடுவதை நான் விரும்புவதில்லை. குழல்விளக்குக்குக் கீழே வாசிக்கிறவர் பக்கத்தைச் சரித்துச் சரித்துப் பிடிக்கவேண்டி வரும். இன்னொன்று, இங்கே காகிதம் பெரும்பாலும் இறக்குமதி. 2022 மார்ச்சில் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போனதை மறந்திருக்க மாட்டீர்கள். விலை எழுதி வாங்கும்போது அது எத்தனை நாளைக்குச் செல்லும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

எழுத்து

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். இலங்கையில் தமிழ் தட்டெழுதுகிறவர்களில் பலர் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் எழுதுகிறார்கள். கைப்பழக்கம், வேகம், பழைய கோப்புகள் எல்லாம் அதில். உங்களுக்கு வரும் ஆக்கங்களில் பாதி பாமினியிலும் பாதி, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடான யுனிகோடிலும் இருக்கும். இரண்டு கையெழுத்துப் பிரதி, நாலு வட்ஸ்அப் செய்தி வேறு. முதல் முடிவாக எல்லாவற்றையும் யுனிகோடுக்கு மாற்றுங்கள். பாமினி கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். இணையத்தில் தேடினாலும் அகப்படாது. மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு தடவை ஆறுதலாக வாசிக்க வேண்டும். இடையில் ஆங்கிலச் சொல் எதுவும் இருந்தால் அதையும் தமிழாக்கி, வாயில் நுழையாத ஒன்றைத் தந்திருக்கும். மேற்கோள் குறிகளும் அடிக்கடி வேறெதுவாகவோ மாறி நிற்கும்.

அப்புறம் மென்பொருள். பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் யுனிகோட் தமிழை அப்படியே ஒட்டினால் சில வேளை 'கொழும்பு' உடைந்து விழும். கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும், புள்ளி எழுத்தின் தலையில் ஏறாமல் தனியே வட்டம் போட்டுக்கொண்டு நிற்கும். எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து ஒரு நாள் முழுக்க எழுத்துரு மாற்றிக்கொண்டிருந்தவன் நான். பந்திக்கான தட்டின் (பராகிராஃப் பனல்) பட்டியலில் 'வேர்ல்ட் ரெடி கொம்போசர்' என்று ஒன்று இருக்கிறது. அதைத் தெரிவு செய்தால் சரியாகிவிடும். காசு கொடுக்க வழியில்லாதவர்களுக்கு ஸ்கிரைபஸ் இருக்கிறது. 1.5.3க்குப் பிந்திய பதிப்புகளில் தமிழ் உடையாமல் வருகிறது. வேர்டிலேயே செய்து முடித்த இதழ்களையும் பார்த்திருக்கிறேன். 16 பக்கத்துக்குச் சமாளிக்கலாம், அதற்குமேல் படங்கள் தம்பாட்டுக்கு இடம் மாறத் தொடங்கும்.

எந்த எழுத்துரு? உடல் எழுத்துக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று, அதற்குமேல் வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் இலவசம், அச்சுக்கும் பயன்படுத்தலாம். திரையில் பார்த்துத் தெரிவு செய்யாதீர்கள். ஒரே பந்தியை நாலு எழுத்துருவில், 10, 10½, 11 பொயின்ட்டில் போட்டு, நீங்கள் வாங்கப்போகும் அதே தாளில் அச்செடுத்து, அம்மாவிடமோ மாமாவிடமோ கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியைத் தேடி எழும்புகிறார்களா என்று பாருங்கள்.

அந்தத் தாளில் நீங்கள் பார்க்கவேண்டியது புள்ளி. தமிழில் ஒரு புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும். 'பல்' பல ஆகும், 'பால்' பால ஆகும். மை ஊறும் மலிவுத் தாளில், மெல்லிய எழுத்துருவில், 9 பொயின்ட்டில் அடித்தால் சில புள்ளிகள் காணாமல்போகும். சில புள்ளிகள் மேல்வரியின் காலோடு ஒட்டிக்கொள்ளும். 'மூ', 'கூ' கீழே இறங்கும், 'கீ', 'தி' மேலே ஏறும், புள்ளி இன்னும் மேலே. அதனால்தான் ஆங்கிலத்துக்குப் போதுமான வரி இடைவெளி தமிழுக்குப் போதாது. 10½ பொயின்ட் எழுத்துக்கு நான் 15 பொயின்ட்டுக்குக் குறைத்து வைப்பதில்லை.

சாய்வெழுத்து ஆங்கில வழக்கம். தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலும் சாய்வெழுத்தே கிடையாது. நீங்கள் பொத்தானை அமுக்கினால் மென்பொருள் நேர் எழுத்தைப் பிடித்துச் சரித்துவிடும், 'ழ' காற்றில் சாய்ந்த வேலி மாதிரி நிற்கும். நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி போதும், அழுத்தம் வேண்டிய இடத்துக்குத் தடித்த எழுத்து.

வரி

ஆங்கிலச் சஞ்சிகையைப் பார்த்து மூன்று பத்தி போட்டு, இரண்டு ஓரமும் நேராக நிரப்பிவிடுவது எல்லாரும் செய்யும் பிழை. தமிழில் 'எடுத்துக்கொள்ளப்படுவதற்கு' என்று ஒரே சொல் 15 எழுத்துக்கு வரும். ஒரு வரிக்கு 22 எழுத்துக் கொள்ளும் பத்தியில் இந்தச் சொல் அடுத்த வரிக்குத் தாவினால், மேல் வரியில் 'என்பதை' என்ற சொல் இடது மூலையிலும் 'நாம்' வலது மூலையிலுமாக ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நிற்கும். பக்கம் முழுவதும் வெள்ளை ஓட்டைகள். கண்ணைச் சற்றுச் சுருக்கிப் பார்த்தால் மேலிருந்து கீழே ஆறு ஓடுவது தெரியும்.

இதற்கு மூன்று வழி. பத்தியை அகலமாக்கலாம். வரிக்கு 35 எழுத்துக்குக் குறையாமல் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அல்லது இடது ஓரத்தை மட்டும் நேராக விட்டு வலது ஓரத்தை அதன்போக்கில் விடலாம். "முடிக்காத வேலை மாதிரி இருக்கிறதே" என்று யாராவது ஒருவர் சொல்லத்தான் செய்வார், விடுங்கள். மூன்றாவது, சொல்லை உடைப்பது. தமிழில் சொல்லைக் கோடு போடாமலே இரண்டு வரிக்குப் பிரிப்பது பழைய வழக்கம், வாசகருக்குத் தடங்கல் இராது. ஒரே நிபந்தனை, புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வந்து நிற்கக் கூடாது. 'எடுத்துக்' மேலே, 'கொள்ளப்படுவதற்கு' கீழே என்றால் சரி. 'எடுத்து' மேலே, 'க்கொள்ள' கீழே என்றால் பல்லில் கல் கடித்த மாதிரி.

ஓரங்களைப் பற்றிச் சுருக்கமாக: உள் ஓரம் 18 மில்லிமீற்றருக்குக் குறைய வேண்டாம், இல்லாவிட்டால் வரியின் முடிவு மடிப்புக்குள் போய்விடும். பக்கம் கூடக் கூட, நடுத்தாள்கள் வெளியே தள்ளிக்கொண்டு வந்து வெட்டுப்படும். பக்க எண்ணை விளிம்போடு ஒட்டி வைத்தால் அதன் பாதி கத்திக்குப் போகும்.

கவிதைகளை நடுவில் குவித்துப் போடாதீர்கள். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கவிஞர் வரியை முறித்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால் எல்லா வரியும் ஒரே இடத்தில் தொடங்க வேண்டும். கலியாண அழைப்பிதழ் மாதிரி நடுவே குவித்தால் கவிதை போய் அலங்காரம் மிஞ்சும். கதை முடிந்த பிறகு அரைப் பக்கம் மீதமிருந்தால் அதை அப்படியே விடுங்கள். அங்கே பொன்மொழியும் வேண்டாம், மயிலிறகுப் படமும் வேண்டாம்.

படங்கள்

வட்ஸ்அப்பில் வரும் படம் வழியிலேயே சுருங்கிவிடும். நீளப் பக்கத்தில் 1600 புள்ளி இருந்தால், அச்சுக்கு அங்குலத்துக்கு 300 வேண்டும் என்ற கணக்கில், ஐந்தேகால் அங்குலம் வரைதான் தாங்கும். அனுப்புகிறவரிடம் 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். அல்லது மின்னஞ்சல். முகநூலிலிருந்து எடுத்த எழுத்தாளர் படத்தைத் தபால்முத்திரை அளவுக்குமேல் போட நினைக்க வேண்டாம். உள்பக்கம் கறுப்பு வெள்ளையென்றால் படத்தை நீங்களே கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். வெள்ளைத் தாளில் மை கொஞ்சம் பரவும் என்பதால், திரையில் சற்று வெளிறித் தெரியும்படி விட்டால்தான் அச்சில் கண்கள் தெரியும்.

எழுத்தின் கறுப்பையும் கவனியுங்கள். வேர்டிலிருந்து வரும் கறுப்பு பல வேளை நாலு மையும் கலந்த கறுப்பாக மாறிவிடும். வர்ணப் பக்கத்தில் பிளேட் இம்மியளவு விலகினாலும் ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் சிவப்பும் நீலமுமாக நிழல் விழும். எழுத்து கறுப்பு மையில் மட்டும் இருக்கிறதா என்று அச்சகத்துக் கணினியில் பார்த்துத் தரச் சொல்லுங்கள்.

இனி அட்டை

சரி, இப்போது அந்தக் கடலையும் சூரியனையும் எடுக்கலாம். கடையில் உங்கள் இதழ் முழுசாகத் தெரியப் போவதில்லை. வெள்ளவத்தையிலோ செட்டியார் தெருவிலோ ஒரு புத்தகக் கடைக்குப் போய் நின்று பாருங்கள். சஞ்சிகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கியிருக்கும், மேலே இரண்டு அங்குலம்தான் கண்ணில் படும். பெயர் அங்கே இருக்க வேண்டும், பத்தடி தூரத்திலிருந்து வாசிக்கும்படி. பொன்னிறம் திரையில் மினுங்கும், அச்சில் மண்ணிறமாக வந்து நிற்கும்.

ஒவ்வொரு இதழுக்கும் புதிதாக அட்டை யோசிக்கத் தேவையில்லாத ஒரு முறையைக் கண்டுபிடிப்பதே புத்திசாலித்தனம். எழுத்தாளர் டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கி, பின்னாளில் கொழும்பிலிருந்து வெளியிட்ட 'மல்லிகை' சஞ்சிகை, எழுத்தாளர்கள், கலைஞர்களின் முகங்களை அட்டையில் போட்டு வந்தது. ஒரு முகம், ஒரு பெயர், அவ்வளவுதான். தூரத்திலிருந்தே மல்லிகை என்று தெரிந்தது. 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இப்படிப் பழைய இலங்கைச் சஞ்சிகைகள் ஏராளமாக ஸ்கேன் செய்யப்பட்டுக் கிடக்கின்றன, காசில்லாமல் பார்க்கலாம். தாளைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் வெள்ளவத்தைக் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம். ஓர் அடிக்கோலைக் கொண்டுபோங்கள்: பத்தியின் அகலம், வரிக்கு எத்தனை எழுத்து, ஓரம் எவ்வளவு. பத்து இதழை அளந்தால் போதும்.

அட்டையின் பின்னணி நிறமோ படமோ தாளின் விளிம்புவரை போவதென்றால் நாலு பக்கமும் 3 மில்லிமீற்றர் கூடுதலாக விட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் வெட்டும்போது வெள்ளைக் கீற்று ஒன்று எட்டிப் பார்க்கும். விவரப் பக்கத்தில் ஆசிரியர், முகவரி, இதழ் எண், மாதம், ஆண்டு, அச்சகத்தின் பெயர் எல்லாம் இருக்கட்டும். அச்சானவற்றின் பிரதிகளைத் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடு 1885ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது, அதற்கான பிரதிகளை முதலிலேயே எண்ணி ஒதுக்குங்கள். ஐஎஸ்எஸ்என் என்பது சஞ்சிகை போன்ற தொடர் வெளியீடுகளை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண். பின்னட்டையில் பட்டைக்குறியாகப் போடும்போது அது 977 என்று தொடங்கும். அதற்கான இடத்தை வெள்ளைப் பெட்டியாக முன்பே விட்டுவையுங்கள்.

அச்சகத்தில்

கொடுக்கவேண்டியது பிடிஎஃப், எழுத்துருக்கள் உள்ளே பதிந்ததாக. இன்டிசைன் கோப்பைக் கொடுத்தால் அங்குள்ள கணினியில் கொம்பு மறுபடியும் இடம் மாறும். கொடுப்பதற்கு முன் ஒரு பிரதியைச் சாதாரண பிரிண்டரில் எடுத்து, டம்மி மாதிரி மடித்து, உங்கள் குழுவில் இல்லாத ஒருவரிடம் மெய்ப்புப் பார்க்கக் கொடுங்கள். கட்டுரைக்குள் இருக்கும் பிழையை எல்லாரும் பிடிப்பார்கள். தலைப்பில், எழுத்தாளரின் பெயரில், பொருளடக்கத்துப் பக்க எண்ணில் இருக்கும் பிழைதான் எவர் கண்ணிலும் படாமல் அச்சுவரை போகும். பெயர்களை மட்டும் தனியே ஒருமுறை, விரலை வைத்து வாசியுங்கள்.

முதல் தாள் இறங்கும்போது மெசினுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், "அண்ணே, மை கொஞ்சம் கூடப்போல இருக்கு" என்று சொன்னால் குறைத்துத் தருவார். ஐந்நூறும் அடித்த பிறகு சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த முதல் தாளில் புள்ளிகளைப் பாருங்கள், பக்க எண்களை வரிசையாகப் பாருங்கள், தலைகீழாக ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டுக் கட்டாக இதழ் வந்து சேர்ந்து, ஒன்றை உருவித் திறந்தால், முதலில் கண்ணில் படுவது பிழையாகத்தான் இருக்கும். அந்தப் பிரதியை யாருக்கும் கொடுக்காமல், சிவப்புப் பேனையால் எல்லாப் பிழையையும் வட்டமிட்டு, அட்டையில் 'அலுவலகப் பிரதி' என்று எழுதி வையுங்கள். இரண்டாம் இதழுக்கு மென்பொருளைத் திறக்குமுன் மேசையில் அது கிடக்கட்டும்.